தெரியாத நம்பரிலிருந்து தினமும் வாய்ஸ்மெயில் வருகிறது, கேட்டால் வெறும் இரைச்சல். பிளாக் செய்தும் நிற்கவில்லை. என்ன செய்வது?

இதே தொல்லையை ஆதம்பாக்கத்தில் நான் இரண்டு மாதம் அனுபவித்தேன். எனக்கு ஓஎம்ஆரில் நைட் ஷிஃப்ட், வீடு வந்து படுக்க காலை ஏழாகிவிடும். எழுந்து பார்த்தால் சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து நாற்பது வினாடி ரெக்கார்டிங் ஒன்று காத்திருக்கும். யாரும் பேச மாட்டார்கள். குக்கர் விசில் இரண்டு, அப்புறம் செருப்புச் சத்தம், கேட் சாத்தும் சத்தம், ஒரு நாள் மட்டும் தெளிவாகக் கீரைக்காரர் குரல். என் மனைவி ஹெட்போன் மாட்டி மூன்று தடவை கேட்டுவிட்டு, "யாரோ நம்ம வீட்டை நோட்டம் விடறாங்க" என்று முடிவே கட்டிவிட்டாள்.

யார் அனுப்புகிறார்கள் என்று தேடுவதற்கு முன்னால், உங்களுக்குப் பதிலாக அந்த போன் காலை எடுப்பது யார் என்று பாருங்கள். நம்ம ஊரில் வாய்ஸ்மெயிலைக் கேட்டு வாங்கியவர்கள் அபூர்வம். அப்படியும் மெசேஜ் பதிவாகிறது என்றால், உங்களுக்கு வரும் கால்கள் வேறெங்கோ திருப்பிவிடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். டயல் செய்யும் இடத்தில் *#61# போட்டால் நீங்கள் எடுக்காத கால் எங்கே போகிறது என்று காட்டும். சிக்னல் இல்லாதபோதும் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போதும் என்றால் *#62#, பிஸியாக இருக்கும்போது *#67#, எல்லாக் கால்களும் என்றால் *#21#. இதற்குப் பதில் வராவிட்டால் போன் செட்டிங்கில் கால் ஃபார்வர்டிங் என்று இருப்பதைப் பாருங்கள்.

எனக்கு *#61# போட்டதும் முன்பின் பார்த்திராத ஒரு நம்பர் வந்து நின்றது, வியர்த்துவிட்டது. விசாரித்தால், அழைப்பவர் பெயரைக் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, அது கேட்டதற்கெல்லாம் படிக்காமல் சரி, சரி என்று அழுத்தியிருக்கிறேன், அது தன்னுடைய வாய்ஸ்மெயில் நம்பரை அங்கே செருகிவிட்டது. ##002# போட்டேன், எல்லா ஃபார்வர்டிங்கும் ஒரே அடியில் போயிற்று. ஆபீஸுக்காக நீங்களே வைத்த ஃபார்வர்டிங் இருந்தால் அதுவும் போகும், திரும்ப வைத்துக்கொள்ளுங்கள். பிளாக் செய்தும் ஏன் நிற்கவில்லை என்றால், பிளாக் உங்கள் போனில் மணி அடிப்பதைத்தான் தடுக்கிறது, வாய்ஸ்மெயில் பெட்டி பல சமயம் திறந்தேதான் இருக்கும்.

*#21#-இல் தெரியாத நம்பர் வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். கூரியர் பையன் மாதிரியோ சிம் கம்பெனி மாதிரியோ பேசி, *401# அல்லது *21* என்று ஆரம்பிக்கும் ஒரு கோட் நம்பரை நம் கையாலேயே அடிக்க வைப்பார்கள், அதன் பிறகு போனில் ஓடிபி சொல்லும் கால் எல்லாம் அவர்களுக்குத்தான் போகும். இதனால்தான் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் *401# வகை ஃபார்வர்டிங்கை நிறுத்தச் சொன்னது. பணம் போயிருந்தால் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930-க்கு அடியுங்கள்.

சரி, பேசாத மெசேஜ் எப்படி வருகிறது? பாதிக்கு மேல் விளம்பரக் கூத்துதான் என்பது என் அபிப்பிராயம். கால் சென்டர் மெஷின் ஒரே நேரத்தில் நிறைய நம்பர்களை அடித்து, எதிரில் குரல் கேட்டால்தான் ஆளோடு இணைக்கும். உங்கள் வாய்ஸ்மெயில் வரவேற்பை அது மனிதக் குரல் என்று நினைத்துக்கொள்ளும், அந்த நேரம் பேச ஆள் இல்லையென்றால் வெறும் மௌனம் பதிவாகும். "...வேண்டுமானால் ஒன்றை அழுத்தவும்" என்று நடுவிலிருந்து ஆரம்பிக்கும் மெசேஜும் இப்படித்தான், உங்கள் வரவேற்பு முடிவதற்குள் அதன் டேப் ஓட ஆரம்பித்திருக்கும். விளம்பரம்தான் என்று தெரிந்தால் 1909-இல் புகார் கொடுங்கள், கால் வந்து ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும் (2025-க்கு முன் மூன்று நாள்தான்). சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து விளம்பரம் செய்யவே கூடாது, 140-இல் ஆரம்பிக்கும் நம்பர் அதற்கென்றே இருக்கிறது.

என் குக்கர் விசில் கேஸ் வேறு. உள்ளூர் நம்பர்தானே என்று ஒரு சாயந்திரம் நானே திருப்பி அடித்தேன் (+91 இல்லாத நம்பர் என்றால் இந்த வேலையே வேண்டாம்). ஒரு வயதான அம்மா எடுத்தார். "ஐயோ தம்பி, இது ஆட்டோக்காரர் நம்பராச்சே!" எனக்கு முன்னால் இந்த நம்பர் அவர் பேத்தியை ஸ்கூலுக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரருடையது. துண்டித்த நம்பரை 90 நாள் ஆறப்போட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள், ஆனால் அந்த அம்மாவின் போனில் அது 'ஏ ஆட்டோ' என்று லிஸ்டில் முதலாவதாக அப்படியே இருந்திருக்கிறது. காலையில் சமையலை முடித்து, போனை இடுப்பில் செருகிக்கொண்டு கீரை வாங்க இறங்குவாராம். போன் பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறது.

எப்படி அழிப்பது என்று தெரியாது, பேத்தி வந்து அழிப்பாள் என்றார். அழித்துவிட்டாள் போல, காலையில் கால் நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டார், இந்த முறை தெரிந்தேதான்: அந்த ஆட்டோக்காரரின் புது நம்பர் என்னிடம் இருக்கிறதா என்று கேட்க.