கறுப்பு பேன்ட்டில் வெள்ளைத் திட்டு

கேள்வி: எங்கள் வீட்டில் முன்பக்கக் கதவு உள்ள வாஷிங் மெஷின். போர் தண்ணீர்தான். மகனின் கருநீலச் சீருடையிலும் கறுப்பு பேன்ட்டிலும் காய்ந்த பிறகு வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. பவுடரைக் கூடுதலாகப் போட்டும் போகவில்லை. மெஷினைத் திறந்தால் ஊறல் வாடை வேறு. என்ன செய்யலாம்?
- வாசகி, மேடவாக்கம்

பதில்: கூடுதலாகப் போட்டதால்தான் போகவில்லை, அம்மா. இருபது வருடமாக மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். ‘மெஷின் சரியாகத் துவைக்கவில்லை’ என்று கூப்பிட்ட பல வீடுகளில் மெஷின் நன்றாகவே இருந்தது. பவுடர் டப்பாவுக்குள் கிடந்த கரண்டிதான் பெரிசு!

முதலில் ஒரு சோதனை. துவைத்த சீருடையை மறுபடி உள்ளே போட்டு, பவுடர் எதுவும் இல்லாமல் 40 டிகிரியில் ஓட்டுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடிக் கதவு வழியாகப் பாருங்கள். நுரை தெரிந்தால் அது துணியில் தங்கிய பழைய பவுடர். முன்பக்கக் கதவு மெஷின் குறைந்த தண்ணீரில் துவைக்கும். அதில் கைத்துவையல் பவுடரைப் போட்டால் நுரை பொங்கி, துணி ஒன்றோடொன்று மோதாது, அலசலும் சரியாக நடக்காது.

நுரை வரவில்லையா? திட்டின் மேல் இரண்டு சொட்டு வெள்ளை வினிகர் விடுங்கள். கரைந்தால் அது தண்ணீரின் வேலை. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். பவுடரில் இருக்கும் சலவைச் சோடா கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் பொடியாகி நூலிழைகளில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையிலும் அது இருக்கும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது.

இரண்டில் எதுவானாலும் அடர்நிறத் துணிக்கு முன்பக்க மெஷினுக்கான லிக்விடுக்கு மாறுங்கள். பாக்கெட்டில் உங்கள் தண்ணீருக்கு எவ்வளவு சொல்லியிருக்கிறதோ அதை மூடியால் அளந்து ஊற்றுங்கள், கண்ணளவு வேண்டாம். துணிக்கு மேலே ஒரு கையகலம் காலியாக இருக்கட்டும். கூடுதல் அலசல் பட்டனை அழுத்துங்கள். கம்ஃபர்ட் மாதிரி திரவங்களை வாசனைக்காக நிறைய ஊற்றுபவர்கள் உண்டு. அது துணியில் மெழுகு போலப் படியும், துண்டு தண்ணீரை உறிஞ்சாது. கொஞ்சம் போதும்.

சரி, வாடைக்கு வருவோம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பை விரித்துப் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று ஏதாவது இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் கதவையும் பவுடர் தட்டையும் திறந்தே வையுங்கள் (சின்னக் குழந்தை இருந்தால் கவனம்). மாதம் ஒருமுறை காலி டிரம்மை டப் கிளீன் மோடில் சுடுதண்ணீரில் ஓட்டுங்கள். உப்புப் படிவுக்கு, மெஷினோடு வந்த புத்தகம் அனுமதித்தால், மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 100 கிராம் போடலாம். ஆனால் அதோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும், அது நுரையீரலைப் பாதிக்கும். இதை நான் போகும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

அப்புறம், மெஷினின் கீழ்மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் பம்ப் ஃபில்டர். வாடைக்கு முக்கியக் காரணம் பல நேரம் அங்கேதான். பிளக்கைக் கழற்றி, தண்ணீர் ஆறிய பிறகு, அடியில் ஒரு தட்டு வைத்துத் திருகுங்கள். தேங்கிய தண்ணீர் கொட்டும். நூல், தலைமுடி, சில்லறை எல்லாம் வரும். வேளச்சேரியில் ஒரு வீட்டில் அந்தக் குப்பைக்குள் தங்கத் தோட்டின் திருகாணி கிடைத்தது. அந்த வீட்டுப் பாட்டி அதை நாலு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். நீங்களும் குப்பையைக் கொட்டும் முன் ஒருமுறை விரலால் துழாவிப் பாருங்கள்.