தாது வருஷப் பஞ்சத்தை எங்கே தேடுவது?

கேள்வி: எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். 1876-78 பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடுதான் என் ஆய்வுத் தலைப்பு. கூகுளில் எப்படிப் போட்டாலும் அதே நாலு கட்டுரைகள்தான் வருகின்றன. அவையும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. வேறு எப்படித் தேடுவது?
— ஓர் ஆய்வு மாணவி, ஆத்தூர்

பதில்: அருமையான தலைப்பு அம்மா, விட்டுவிடாதீர்கள். முதலில் கணினியை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். இந்தப் பஞ்சத்தைப் பற்றி அன்றைக்கு யார் யார் எழுதியிருப்பார்கள்? கலெக்டர், பாதிரியார், பத்திரிகைக்காரர், ஊர்ப் புலவர். அவரவர் எழுதியது வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. அவரவர் புழங்கிய சொல்லும் வேறு. நூலகத்தில் என்னிடம் வந்த மாணவர்களை இந்தப் பட்டியல் போடாமல் நான் அலமாரிப் பக்கம் விட்டதில்லை.

1876 தமிழ்க் கணக்கில் தாது வருஷம். அதனால் தமிழில் 'தாது வருஷப் பஞ்சம்' என்று தேடுங்கள். 'வருடப் பஞ்சம்', 'வருஷத்துப் பஞ்சம்' இரண்டையும் விடாதீர்கள். ஆங்கிலத்தில் வெறும் 'சேலம்' என்று போட்டால் அமெரிக்காவின் சேலமும் 1692ஆம் வருஷத்து சூனியக்கார வழக்குகளும் வந்து நிற்கும். 'மெட்ராஸ்', 'ஃபேமின்' இரண்டையும் சேருங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போடுங்கள். அன்றைய சேலம் மாவட்டத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், நாமக்கல் எல்லாம் அடக்கம். அந்தப் பெயர்களிலும், பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும்.

அப்புறம், மூலங்கள். பத்திரிகைக்காரர் வில்லியம் டிக்பி 1878இல் இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். பஞ்சக் கமிஷன் அறிக்கை 1880இல் வந்தது. லெஃபானு தொகுத்த சேலம் மாவட்ட மானுவல், அதாவது மாவட்டக் கையேடு, 1883. 1871, 1881 மக்கள்தொகைக் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மனசு கனத்துவிடும். இவற்றை இணையத்தில் படிக்கும்போது தேடல் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். பழைய அச்சை ஸ்கேன் செய்ததில் எழுத்துகள் தப்பும் தவறுமாகப் பதிவாகியிருக்கும். பொருளடக்கத்தைக் கண்ணால் படியுங்கள்.

உங்களுக்கு மிகவும் உதவப்போவது அடிக்குறிப்புதான். மெட்ராஸ் பஞ்சத்தில் குடியானவர்கள் என்ன நினைத்தார்கள், என்ன செய்தார்கள் என்று டேவிட் அர்னால்ட் 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் அடிக்குறிப்புகள் பின்னோக்கி மூலங்களுக்குக் கூட்டிப்போகும். ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் இருக்கும். அதைத் தட்டினால் 1984க்குப் பிறகு வந்தவை கிடைக்கும். அந்தப் பட்டியலுக்குள்ளேயே 'சேலம்' என்று மறுபடி தேடலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்காவில் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் நூற்பட்டியல் பெரும்பாலும் தனிக் கோப்பாகவே இருக்கிறது. முதலில் அதைத் திறங்கள்.

எந்தச் சொல்லை எங்கே, எந்தத் தேதியில் தேடினீர்கள் என்று நோட்டில் எழுதிவையுங்கள். ஒன்றும் கிடைக்காத தேடலையும் எழுதுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகுமுன் அரசாணை எண், தேதி, துறை மூன்றையும் அடிக்குறிப்புகளிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். பஞ்சம் பற்றி ஏதாவது கொடுங்கள் என்று கேட்டால் எந்த ஆவணக் கட்டை எடுப்பது என்று அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?