வாசகர் கேள்வி – பதில்: பெயர் தெரிகிறது, பாட்டு வரவில்லை

இம்மாதம் எடுத்துக்கொண்ட மூன்று கடிதங்களும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவை. மூன்றும் கம்பியில்லா ஹெட்போனைப் பற்றியவை என்பதால் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் செம்பனைத் தோட்டமொன்றில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்து ஓய்வு பெற்றவன். சிங்கப்பூரில் இருக்கும் மகள் தீபாவளிக்கு வந்தபோது காதை மூடும் புளூடூத் ஹெட்போன் ஒன்றை வாங்கி வந்து, அவளே என் கைப்பேசியில் இணைத்தும் கொடுத்தாள். சில வாரங்கள் மின்னல் எஃப்.எம். செய்தியும் பழைய பாடல்களும் குறையின்றிக் கேட்டேன். பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் அதைத் தன் மடிக்கணினியில் இணைத்துப் பயன்படுத்தினான். அதற்குப் பிறகு என் கைப்பேசியில் ஹெட்போனின் பெயர் தெரிகிறதே தவிர, தொட்டால் இணைக்க முடியவில்லை என்றே வருகிறது. பட்டணத்துக் கடையொன்றில் காட்டினேன். உள்ளே கெட்டுவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
— ஓய்வு பெற்ற கிராணி ஒருவர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம், ஐயா. பேரனின் மடிக்கணினியில் பாடிய ஹெட்போன் உங்கள் கைப்பேசியில் மட்டும் பாட மறுக்கிறது என்றால், பெரும்பாலும் கெட்டிருப்பது கருவி அன்று. இரண்டு கருவிகளுக்கும் இடையே இருந்த பதிவுதான். கடையில் அதை வேறொரு கைப்பேசியோடு இணைத்துப் பார்த்தபின் இந்த முடிவைச் சொன்னார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. பார்த்திருந்தால் அங்கேயே பாடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கிராணியாக இருந்தவர் என்பதால் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. புளூடூத்தில் பேரிங் என்பதும் கனெக்ட் என்பதும் இரு வேறு வேலைகள். பேரிங் என்பது புதிய ஆளைச் செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டில் பெயர் எழுதிச் சேர்ப்பதைப் போன்றது. ஒருமுறை நடந்தால் போதும். கனெக்ட் என்பது நாள்தோறும் விடியற்காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிடுவதைப் போன்றது. ஒவ்வொரு முறை ஹெட்போனை முடுக்கும்போதும் அது நடக்கிறது. தோட்டத்தில் செக்ரோல் கிராணியிடம் மட்டுமே இருக்கும், ஆனால் புளூடூத்தில் இரு தரப்பும் ஆளுக்கொரு பதிவேடு வைத்திருக்கின்றன. பேரிங் நடக்கும்போது கைப்பேசியும் ஹெட்போனும் தமக்குள் ஓர் இரகசியச் சாவியை உருவாக்கி, இரண்டும் அதைத் தத்தம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. அடுத்த நாள் பெயர் கூப்பிடும்போது அந்தச் சாவி இரு பக்கமும் ஒத்துப்போனால்தான் தொடர்பு ஏற்படும்.

பேரன் மடிக்கணினியில் சேர்க்கும்போது ஹெட்போனின் பதிவேட்டை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கக்கூடும். பொத்தானை மிக நீண்ட நேரம் அழுத்தினால் சில கருவிகளில் அப்படி நடந்துவிடும். உங்கள் கைப்பேசியின் ஏட்டிலோ பழைய பெயரும் பழைய சாவியும் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் பெயர் தெரிகிறது, ஆனால் கூப்பிட்டால் ஆள் வருவதில்லை. இந்நிலையில் அந்தப் பெயரை எத்தனை முறை தொட்டாலும் பயனில்லை. கைப்பேசியின் புளூடூத் பக்கத்தில் அப்பெயருக்கு அருகிலுள்ள சக்கரக் குறியையோ வட்டத்துக்குள் இருக்கும் ஐ என்னும் எழுத்தையோ தொட்டு, ஃபர்கெட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியை மலாய் மொழியில் வைத்திருந்தால் அது லூப்பாக்கான் என்று இருக்கும். பெயரை அழிப்பதற்குத் தயங்க வேண்டாம், பாடல்களோ தொலைபேசி எண்களோ அதனுடன் போய்விடுவதில்லை.

அடுத்தது ஹெட்போனின் பக்கம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஹெட்போனை முடுக்குவதும் பேரிங் நிலைக்குக் கொண்டுவருவதும் ஒன்றல்ல. சாதாரணமாக முடுக்கினால், அது தன் ஏட்டில் ஏற்கெனவே இருப்பவர்களைத்தான் தேடும், அதிலும் கடைசியாகப் பேசிய கருவியைத்தான் பெரும்பாலும் முதலில் தேடும். புதியவர் யார் கண்ணுக்கும் அது தெரியாது. முழுதாக அணைத்துவிட்டு, முடுக்கும் பொத்தானை விடாமல் ஐந்து முதல் ஏழு வினாடி வரை அழுத்திக்கொண்டே இருங்கள். பல ஹெட்போன்களில் விளக்கு நீலமும் சிவப்புமாக மாறி மாறி மின்னும். சிலவற்றில் வெள்ளை விளக்கு வேகமாகச் சிமிட்டும், அல்லது ஒரு குரல் பேரிங் என்று அறிவிக்கும். சில ஹெட்போன்களில் இதற்கென்றே புளூடூத் குறி போட்ட தனிப் பொத்தான் உண்டு. காதுக்குள் செருகும் சிறிய வகையாக இருந்தால், இரண்டையும் பெட்டியிலேயே வைத்து, மூடியைத் திறந்தபடி பெட்டியின் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். கருவியோடு வந்த தாளில் இது படத்துடன் இருக்கும், அதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது. விளக்கு அப்படி மின்னும்போது கைப்பேசியில் புதிய சாதனத்தைச் சேர்க்கும் இடத்துக்குச் சென்றால் பெயர் தோன்றும். அதைத் தொட்டு ஒப்புதல் கொடுத்தால் வேலை முடிந்தது.

ஆனால் இதைத் தொடங்குமுன் பேரனின் மடிக்கணினியில் புளூடூத்தை அணைக்கச் சொல்லுங்கள். மடிக்கணினி பக்கத்து அறையில் விழித்திருந்தாலே போதும், ஹெட்போன் உங்களிடம் வருமுன் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். என் வீட்டிலும் இதுதான் நடந்தது: கூடத்தில் அமர்ந்து ஒரு மாலை முழுவதும் முயன்றேன், ஹெட்போனோ மாடியில் இருந்த என் மனைவியின் டேப்லெட்டோடு இணைந்திருந்தது. சுவர் ஒன்று நடுவில் இருந்தால் நாம் அந்தக் கருவியை மறந்துவிடுகிறோம், புளூடூத் மறப்பதில்லை. வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை ஏறக்குறைய 10 மீட்டர். தோட்டத்துப் பலகை வீடுகளில் அது அடுத்த வீட்டையும் எட்டிவிடும்.

இனிமேல் நீங்களும் பேரனும் அதை மாறி மாறிப் பயன்படுத்த விரும்பினால், ஒவ்வொரு முறையும் பேரிங் செய்ய வேண்டியதில்லை. ஹெட்போனின் ஏடு பல பெயர்களைத் தாங்கும். அவன் கேட்டு முடித்ததும் மடிக்கணினியில் டிஸ்கனெக்ட் செய்துவிட்டு, நீங்கள் கைப்பேசியில் பெயரைத் தொட்டால் போதும். மல்டிபாயிண்ட் என்னும் வசதி உள்ள ஹெட்போன் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு தொடர்பில் இருக்கும். அப்போதும் பாடல் ஒன்றிலிருந்துதான் வரும். மற்றதில் அழைப்பு வந்தால் அதற்கு மாறிக்கொள்ளும்.

உங்கள் மகள் இணைத்தபோது கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லையே, அக்கம்பக்கத்தார் யாரும் அதனோடு சேர்ந்துகொள்ள முடியாதா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். முன்பு நான்கு எண் கேட்பார்கள். பெரும்பாலும் அது 0000 என்றே இருந்ததால் காவலும் பெயருக்குத்தான் இருந்தது. 2007இல் வந்த புளூடூத் 2.1 பதிப்பு அந்த முறையை மாற்றி, சாவியைக் கருவிகளே தமக்குள் உருவாக்கிக்கொள்ளும்படி செய்தது. பேரிங் நிலையில் இல்லாத ஹெட்போனோடு புதியவர் சேர்வது எளிதன்று. ஆகவே விளக்கு மின்னும் அந்தச் சில நிமிடங்களைத் தவிர மற்ற நேரங்களில் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய காரில் பொருத்திய கருவி ஏதாவது இன்றும் எண் கேட்டால், 0000 அல்லது 1234 என்று போட்டுப் பாருங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் இந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு எழுதவிருக்கும் மாணவி. இரவில் இணையவழி வகுப்புக்காக என் புளூடூத் இயர்போனை மடிக்கணினியோடு இணைத்திருக்கிறேன். பாட்டுக் கேட்கும்போது மிகத் தெளிவாக இருக்கும் ஒலி, வகுப்புக்குள் நுழைந்த அடுத்த நொடியே தகர டின்னுக்குள் இருந்து வருவதைப் போல் மங்கிவிடுகிறது. வகுப்பை விட்டு வெளியேறினால் மீண்டும் சரியாகிவிடுகிறது. எங்கள் இணையத் தொடர்பு மெதுவானது என்பதால் இப்படியா?
— படிவம் ஐந்து மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: இணையத்தின்மேல் பழி போட வேண்டாம், அம்மா. இணையம் தடுமாறினால் குரல் விட்டுவிட்டு வரும், அல்லது நின்றுவிடும். வகுப்புக்குள் நுழைந்தவுடன் ஒரே சீராக மங்குவது வேறு காரணத்தால். கடிதத்தில் எந்த நேரத்தில் மங்குகிறது, எப்போது சரியாகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதால்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இசை கேட்பதற்கு ஒரு முறை, பேசுவதற்கு ஒரு முறை என்று புளூடூத்தில் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது ஏ2டிபி எனப்படும். மடிக்கணினியிலிருந்து காதுக்கு ஒரே திசையில், இடம் வலம் பிரிந்த ஸ்டீரியோ ஒலியை அனுப்பும். இரண்டாவது எச்.எஃப்.பி. எனப்படும் கைதொடாப் பேச்சு முறை. ஒலி காதுக்கும் போக வேண்டும், மைக்கிலிருந்து திரும்பியும் வர வேண்டும். இருக்கும் அலைவரிசை வசதி குறைவு என்பதால், இருவழிப் பேச்சுக்காக ஒலியின் தரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். இசைக்கு ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் அளவில் ஒலி வருகிறது என்றால், பேச்சு முறையில் அது 16,000 ஆகவும், பழைய கருவிகளில் 8,000 ஆகவும் சுருங்கிவிடுகிறது. இடம் வலம் என்ற பிரிவும் போய்விடுகிறது. வகுப்புச் செயலி உங்கள் இயர்போனின் மைக்கைக் கேட்டு வாங்கும் நொடியில் மடிக்கணினி முதல் முறையிலிருந்து இரண்டாவது முறைக்குத் தாவுகிறது. நீங்கள் மைக்கை மௌனமாக்கி வைத்திருந்தாலும் செயலி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை பல வேளைகளில் இதே நிலைதான் நீடிக்கும்.

வழி எளியது, பணமும் செலவாகாது. வகுப்புச் செயலியின் ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஸ்பீக்கர் என்னும் இடத்தில் உங்கள் இயர்போனையும், மைக்ரோபோன் என்னும் இடத்தில் மடிக்கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். இயர்போனின் மைக்கை யாரும் கேட்காததால் அது இசை முறையிலேயே நிற்கும், ஆசிரியரின் குரலும் தெளிவாக வரும். விண்டோஸ் 10 உள்ள கணினியில் ஒரே இயர்போன் ஸ்டீரியோ என்றும் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ என்றும் இரண்டு பெயர்களில் தோன்றும். ஒலிக்கு ஸ்டீரியோ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 இரண்டையும் ஒரே பெயராக்கிக் காட்டுவதால் அங்கே மைக்கை மாற்றுவதுதான் வழி.

இதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. மடிக்கணினியின் மைக் வாயிலிருந்து தள்ளி இருப்பதால் மின்விசிறியின் இரைச்சலையும், தகரக் கூரையில் விழும் மழையின் ஒலியையும் சேர்த்தே அனுப்பும். மாலை மழை பிடித்துக்கொண்ட நாளில் நீங்கள் பேச வேண்டிய வாய்மொழிப் பயிற்சி இருந்தால், பழைய கம்பி இயர்போனைச் செருகிக்கொள்வதே என் பரிந்துரை. அதற்கு இந்த இரண்டு முறைச் சிக்கல் எதுவும் இல்லை. 2020இல் அறிவிக்கப்பட்ட எல்.இ. ஆடியோ என்னும் புதிய முறை இக்குறையைத் தீர்ப்பதற்கான வழியைத் தருகிறது. ஆனால் இயர்போன், மடிக்கணினி இரண்டுமே அதை ஏற்க வேண்டும். தேர்வு ஆண்டில் அதற்காகப் பெற்றோரிடம் புதிதாக ஒன்றைக் கேட்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

கேள்வி: எங்கள் கோயில் அலுவலகத்தில் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. திருவிழாக் கணக்கை எழுதிக்கொண்டே ஹெட்போனில் தேவாரம் கேட்கலாம் என்று பார்த்தால், அமைப்புப் பக்கத்தில் புளூடூத் என்னும் சொல்லே இல்லை. என்ன செய்வது?
— கோயில் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: அந்தச் சொல்லே இல்லையென்றால், கணினிக்குள் புளூடூத் வானொலிக் கருவி பொருத்தப்படவில்லை என்பதே பெரும்பாலும் பொருள், மடிக்கணினிகளில் அது வழக்கமாக உள்ளேயே இருக்கும், பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் இருக்காது. யு.எஸ்.பி. துளையில் செருகும் விரல்நுனி அளவுள்ள புளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகினால் போதும். வாங்கும்போது மலேசியத் தரச்சான்று நிறுவனமான சிரிமின் சான்றிதழ் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அலைவரிசையைப் பயன்படுத்தும் கருவிகளுக்கு நம் நாட்டில் அது தேவை.

செருகும் இடத்தையும் கவனியுங்கள். கணினிப் பெட்டியின் பின்புறத்தில் செருகினால் இரும்புத் தகடு அலையை மறைக்கும். நீல நிறமுள்ள யு.எஸ்.பி. 3.0 துளைக்கு மிக அருகில் வைத்தாலும், அங்கே வன்தட்டு வேலை செய்யும்போது எழும் இரைச்சல் புளூடூத் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுந்து பாடலைத் துண்டாக்கும். முன்புறத் துளையில் செருகுங்கள், அல்லது ஒரு முழ நீளமுள்ள நீட்டிப்புக் கம்பியில் மாட்டி மேசைமேல் வையுங்கள்.

பேரிங் முடிந்து, இணைந்துவிட்டது என்று திரை சொல்லியும் தேவாரம் கணினியின் ஸ்பீக்கரிலேயே ஒலித்தால், திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஒலிபெருக்கிக் குறியைச் சொடுக்கி, வரும் பட்டியலில் ஹெட்போனின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.