ஸ்ட்ரைக் விழுந்தபின் வரும் படபடப்பு

அன்புள்ள அண்ணா,

நான்கு வருடங்களாக டென்பின் பவுலிங் (பந்தை உருட்டி, நிறுத்தி வைத்த பத்து பின்களை விழுத்தும் ஆட்டம்) ஆடுகிறேன். பயிற்சியில் 180-க்குக் கீழே போவது அபூர்வம். போட்டியில் 150 தாண்டவே திணறுகிறேன். இதைப் பயம் என்று சொல்லத் தோன்றவில்லை. ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருக்கிறேன். வரிசையாக இரண்டு ஸ்ட்ரைக் (முதல் பந்திலேயே பத்து பின்களும் விழுவது) விழுந்தால்தான் பிரச்சினையே ஆரம்பிக்கிறது. உடம்பு பரபரக்கிறது, அடுத்த பந்தை உடனே வீசிவிட வேண்டும் போலிருக்கிறது. அந்தப் பந்து முதல் பின்னின் நடு முகத்தில் போய் மோதி, மிச்சப் பின்கள் இடைவெளி விட்டுப் பிரிந்து நிற்கும் ஸ்ப்ளிட் ஆகிறது. நிற்கும் இடத்தை மாற்றிப் பார்த்தால் இன்னும் மோசமாகிறது. கடைசிச் சுற்றான பத்தாவது ஃப்ரேமில் கை நடுங்குவது எனக்கே தெரிகிறது. "ரிலாக்ஸாக ஆடு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
க.

அன்புள்ள க,

ஸ்ட்ரைக் விழுந்தபின் பிரச்சினை ஆரம்பிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். போட்டிப் பதற்றம் என்றாலே எல்லோரும் பயத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். சந்தோஷமும் அதே வேலையைச் செய்யும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தோற்றுவிடுவோமோ என்று நினைத்தாலும் ஜெயித்துவிடுவோம் போலிருக்கிறதே என்று நினைத்தாலும் உடம்பில் சுரப்பது அட்ரினலின்தான். இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், எதையும் சீக்கிரம் முடித்துவிடத் தோன்றும்.

1908-ல் யெர்க்ஸ், டாட்ஸன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. வேலை சுலபமானதாக இருந்தால் தூண்டுதல் கூடக்கூட எலிகள் அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டன. நுட்பமான வேலையிலோ, ஓர் அளவுக்கு மேல் தூண்டினால் தடுமாறின. இதை மனிதர்களுக்கு எவ்வளவு தூரம் பொருத்துவது என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. ஆனால் லேனில் (பந்து உருளும் தளம்) நிற்பவருக்கு இது அனுபவத்திலேயே தெரியும். எடை தூக்குபவருக்கு அந்த வெறி உதவலாம். நமக்கு 60 அடி தள்ளி, ஒன்றாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவிலிருக்கும் இடைவெளியில், அதாவது பாக்கெட்டில், பந்து நுழைய வேண்டும். ஒரு விரல் கூடுதலாக அழுத்தினாலும் பந்தின் பாதை மாறிவிடும்.

ஹார்வர்டில் ஆலிசன் வுட் புரூக்ஸ் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வை உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். மேடையில் பாடுவதற்கு அல்லது பேசுவதற்கு முன், "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். முதல் ஃப்ரேமுக்கு முன்னால் வயிற்றைக் கலக்குகிறவர்களுக்கு இதை நான் தாராளமாகச் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்களிடம் உற்சாகம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

அதை அடக்கவும் முயல வேண்டாம். துடிக்கும் நெஞ்சோடு சண்டை போட்டால் கவனம் முழுக்க நெஞ்சிலேயே போய்விடும். உங்கள் ஆட்டத்துக்குள் அது எந்த வழியாக நுழைகிறது என்று பாருங்கள். நான் பார்த்தவரை இரண்டு வழிதான்: கால், விரல்.

முதலில் கால். நான்கு அடியோ ஐந்து அடியோ, எப்படி நடப்பவராக இருந்தாலும் பரபரப்பில் அவசரப்படுவது முதல் இரண்டு அடிகள்தான். கால்கள் ஃபவுல் லைனுக்கு (தாண்டக் கூடாத கோடு) வந்து சேர்ந்துவிடும், பந்து இன்னும் பின்னால் ஊசலின் உச்சியில் இருக்கும். அதை எட்டிப்பிடிக்க வைப்பதற்காகத் தோள் இழுக்கும். வலது கைக்காரர் என்றால் பந்து, லேனில் குறி வைத்த அம்பு அடையாளத்துக்கு இடது பக்கமாகப் போகும், ஒன்றாம் பின்னின் மூக்கில் மோதும், ஸ்ப்ளிட். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுதான். சிலருக்கு நேர்மாறாக நடக்கும். தோள் இழுக்காது, வேகம் மட்டும் கூடும். அப்போது பந்து லேனில் எண்ணெய் பூசிய பகுதியைச் சீக்கிரம் கடந்து, திரும்ப நேரம் கிடைக்காமல் பாக்கெட்டுக்கு வெளியே வலது பக்கமாகவே போய்விடும்.

இரண்டிலும் குற்றம் லேனுடையது அல்ல. அதனால்தான் இடம் மாறி நின்றதும் உங்களுக்கு மோசமானது. படபடப்பில் வீசிய பந்துக்காக நிற்கும் தரைப் பலகையை மாற்றினால், அடுத்து ஒழுங்காக வீசும் பந்தும் தப்பாகப் போகும். எண்ணெய் நகர்ந்து லேன் மாறுவதும் உண்மையில் நடப்பதுதான், இடம் மாறவேண்டிய நேரமும் வரும். அதை நிதானமாக வீசிய பந்தை வைத்து முடிவு செய்யுங்கள். பந்து இழுபட்டது என்று உங்களுக்கே தெரிந்தால் அந்தப் பந்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

காலுக்கு நான் சொல்லும் மருந்து எளிது. முதல் அடியை மட்டும் கவனியுங்கள். அபத்தம் என்று தோன்றுகிற அளவுக்கு மெதுவாக, சின்னதாக எடுத்து வையுங்கள். பரபரப்பில் இருக்கும்போது மெதுவாக நடப்பதாக நாம் நினைப்பது பெரும்பாலும் வழக்கமான வேகமாகத்தான் இருக்கும். மற்ற அடிகள் பழக்கத்தில் தாமாக வரும். அவற்றை எண்ணத் தொடங்கினால் கெட்டது. இன்னொன்றும் செய்யலாம். பந்தை மார்பு உயரத்தில் பிடிப்பவராக இருந்தால், இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் கொஞ்சம் இறக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசலின் உயரம் குறையும், வேகமும் குறையும்.

அடுத்தது விரல். பந்தைத் தூக்கி நின்றதும், துளைக்கு வெளியே பந்தின் மேல் படிந்திருக்கும் ஆட்காட்டி விரலைப் பாருங்கள். நகம் வெளுத்திருந்தால் பிடி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே கட்டைவிரலும் மடங்கித் துளையின் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும். அப்படிக் கவ்விய கட்டைவிரல் நேரத்துக்கு வெளியே வராது. பந்து கையில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கி, இழுபட்டு விழும். நகம் வெளுத்திருந்தால் வீசாதீர்கள். இறங்கி வந்து, பந்தை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பப் போங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மூச்சைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும், இரண்டு மூன்று முறை போதும். அதைப் பந்து திரும்பி வரும் இடத்திலேயே முடித்துவிடுங்கள். அப்ரோச்சில் (நடந்து வந்து வீசும் இடம்) ஏறியபின் மூச்சு ஞாபகம் வரக்கூடாது. அங்கே கண்ணுக்கு மட்டும்தான் வேலை. குறி வைத்த அம்பில் பார்வையை நிறுத்தி, பந்து அதைக் கடக்கும்வரை எடுக்காதீர்கள். படபடப்பில் கண் பின்களுக்கு ஓடிவிடும், தலை நிமிரும், தோளும் கூடவே போகும்.

உங்கள் பயிற்சி முறையிலும் ஒரு குறை இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன். தனியாக ஆடும்போது பந்து வந்ததும் எடுத்து வீசுவோம். போட்டியில் அப்படி இல்லை. ஒரு ஸ்ட்ரைக் அடித்துவிட்டு நான்கு பேர் ஆடி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் மனம் கணக்குப் போடும்: இன்னொன்று விழுந்தால் டர்க்கி (தொடர்ந்து மூன்று ஸ்ட்ரைக்), அப்படியே போனால் 220. வாரத்தில் ஒரு ஆட்டமாவது ஃப்ரேமுக்கு ஃப்ரேம் உட்கார்ந்து எழுந்து ஆடுங்கள். சில ஃப்ரேம்களுக்கு முன் நின்ற இடத்திலேயே இருபது முறை குதித்துவிட்டு, மூச்சு வாங்க வாங்கப் போய் வீசுங்கள். துடிக்கும் நெஞ்சோடும் முதல் அடியை மெதுவாக வைக்க முடியும் என்று உடம்புக்குத் தெரியவேண்டும். வெறும் வாயால் சொன்னால் அது நம்பாது.

பத்தாவது ஃப்ரேமின் விஷயம் வேறு. அங்கே காத்திருப்பே கிடையாது. ஸ்ட்ரைக் அடித்த கையோடு அடுத்த பந்தை வீசவேண்டும். 1991 ஃபேர் லேன்ஸ் ஓப்பன் என்ற தொழில்முறைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பீட் வெபரை வெல்ல, டெல் பல்லார்ட் ஜூனியருக்குப் பத்தாவது ஃப்ரேமில் இரண்டு ஸ்ட்ரைக்கும் அதன்பின் ஏழு பின்களும் தேவைப்பட்டன. இரண்டு ஸ்ட்ரைக்கையும் அடித்துவிட்டார். மூன்றாவது பந்து லேனின் ஓரப் பள்ளமான கட்டரில் இறங்கியது. உலகத் தரத்தில் ஆடிய ஒரு தொழில்முறை வீரருக்கு நடந்தது இது. கடினமான இரண்டு பந்துகள் முடிந்து சுலபமான ஒன்று மிச்சமிருக்கும் அந்த இடத்தை எப்போதும் பயபக்தியோடு அணுகுங்கள். காத்திருப்பு இல்லாததால் அதை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பந்து திரும்பி வந்தபின் எடுத்து, துண்டால் ஒரு முழுச் சுற்று துடைத்து, பிறகு ஏறுங்கள். மூன்று பந்துக்கும் அதே துடைப்பு, அதே நேரம்.

சந்தோஷப்படக் கூடாதா என்றால், தாராளமாகப் படுங்கள். ஸ்ட்ரைக் விழுந்ததும் கையைத் தட்டுங்கள், கூட ஆடுபவரைக் கட்டிப் பிடியுங்கள். உட்கார்ந்தபின் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஸ்ட்ரைக்கூட இல்லாமல், ஒவ்வொரு முறையும் முதல் பந்தில் ஒன்பதும் அடுத்ததில் மிச்சமிருக்கும் ஒன்றும் விழுத்தினால் 190 வரும். போட்டியில் நீங்கள் எடுப்பதைவிட அதிகம். அடுத்த பந்து ஸ்ட்ரைக்காக இருந்தே ஆகவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

உங்கள் லேனில் பந்தின் வேகத்தைத் திரையில் காட்டுவார்கள் என்றால், அடுத்த போட்டியில் ஒவ்வொரு முதல் பந்தின் வேகத்தையும் குறித்து வையுங்கள். ஸ்ட்ரைக்குக்குப் பின் வரும் பந்துகளைத் தனியாக வட்டமிடுங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். கால் அவசரப்படுகிறதா, விரல் இறுகுகிறதா என்று அதைப் பார்த்தபின் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.

அன்புடன்.