மகள் மீன்வளம் படிக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஆழ்கடல் படகில் தொழிலுக்குப் போகிறேன். மகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். மீன்வளப் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். “இந்த மீன் நாற்றம் நம்மோடு போகட்டும் என்றுதானே படிக்கவைத்தோம், நர்சிங்குக்கு அனுப்பு” என்கிறார் என் அக்கா. எனக்கும் குழப்பம். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தயங்காமல் அனுப்புங்கள்.

அக்காவின் பயம் புரிகிறது. 2017-இல் ஒக்கி புயல் உங்கள் கரையில் செய்ததைப் பார்த்தவர்கள் பிள்ளைகளைக் கடலிலிருந்து விலக்கத்தான் நினைப்பார்கள். ஆனால் மகள் கேட்பது படகு வேலை இல்லை. பி.எஃப்.எஸ்ஸி. என்கிற மீன்வள அறிவியல் பட்டம் நான்கு வருடப் படிப்பு. மீன் வளர்ப்பு, மீன் நோய், பதப்படுத்தல், மீன்வளப் பொருளாதாரம் எல்லாம் அதில் வரும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-லிருந்து நடக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை, நீட் தேவையில்லை.

உங்கள் படகையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சூரை மீன் பிடிக்கிறீர்கள். பிடித்த சூரை வெயிலில் தளத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதன் சதையில் ஹிஸ்டமின் என்கிற நச்சுப் பொருளை உண்டாக்கிவிடும். அப்புறம் ஐஸில் போட்டாலும் அது போகாது, வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். ஏற்றுமதிக்குப் போகும் சூரையில் இதைச் சோதிக்கிறார்கள், அளவு மீறினால் சரக்கையே திருப்பி அனுப்புவார்கள். ரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, சீக்கிரமே ஐஸில் புதைத்த மீனுக்குத்தான் நல்ல விலை. இதையெல்லாம் படித்த ஒருத்தி தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் நின்று, நம் பேச்சிலேயே படகுக்காரர்களுக்குச் சொல்லித் தந்தால் எப்படியிருக்கும்! வெளியூர் அதிகாரி சொன்னால் காதில் ஏறாதது, நம் வீட்டுப் பிள்ளை சொன்னால் ஏறும்.

கடல் மட்டும் இல்லை. நம் மாவட்டத்துக் குளங்களில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறார்கள். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பகலில் ஆக்சிஜன் தரும் பாசி, இரவில் அதையே எடுத்துக்கொள்கிறது. இது தெரியாமல் ஒரே ராத்திரியில் குளத்து மீன் முழுவதையும் இழந்தவர்கள் உண்டு.

நம் பையன்கள் பஹ்ரைனுக்கும் சவூதிக்கும் போய் யாரோ ஒருவரின் படகில் மீன்தான் பிடிக்கிறார்கள். அதைப் பெருமையாகச் சொல்கிறோம். இங்கே மீனைப் பற்றிப் படிப்பதை மட்டும் குறைவாக நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியார் பண்ணையிலோ குஞ்சு பொரிப்பகத்திலோ சேர்ந்தால் தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, ராத்திரி வேலையும் இருக்கும், ஆந்திரா வரைகூடப் போக நேரலாம். ஆனால் வழி அது ஒன்றுதான் என்று இல்லை. மீன்வளத் துறைப் பணிகளுக்கும் வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வுக்கும் இந்தப் பட்டம் செல்லும். சொந்தமாகத் தொழில் தொடங்கினால், 2020-இல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீத மானியம், பெண்களுக்கு 60 சதவீதம்.

ஜூன், ஜூலை உங்கள் பக்கம் தடைக்காலம், வீட்டில்தான் இருப்பீர்கள். கடைசித் தேதிக்கு முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, ஒருநாள் மகளையும் அக்காவையும் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போங்கள். ஆய்வகத்தையும் ஹாஸ்டலையும் பாருங்கள், அங்கே படிக்கும் பெண்பிள்ளைகளிடம் அக்காவையே பேசச் சொல்லுங்கள்.