எண்ணெய் இருப்புத் துறையில் மகளுக்கு வேலை கிடைக்குமா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தங்கள் மகள், நாட்டின் அவசரகாலக் கச்சா எண்ணெய் இருப்பைப் பராமரிக்கும் பணிக்குச் செல்ல விரும்புவதாகவும், அதற்காகப் பெட்ரோலியப் பொறியியல் தவிர வேறு எதையும் படிக்க மாட்டேன் என்று உறுதியாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மின்சார வாகனங்கள் பெருகும் காலத்தில் அந்தப் படிப்பு பயனற்றுப் போய்விடுமோ என்பது தங்கள் அச்சம். மகளின் ஆர்வத்தில் குறையில்லை. ஆனால் பெட்ரோலியப் பொறியியலின் பெரும்பகுதி, பூமிக்குள் இருக்கும் எண்ணெயைக் கண்டறிந்து வெளியே எடுப்பதைப் பற்றியது. அவர் விரும்பும் பணியோ, வாங்கிய எண்ணெயைப் பூமிக்குள் வைத்துக் காப்பது.

இந்தியாவில் இப்பொறுப்பு 2004-இல் தொடங்கப்பட்ட இந்தியன் ஸ்ட்ராடஜிக் பெட்ரோலியம் ரிசர்வ்ஸ் என்ற அரசு நிறுவனத்திடம் உள்ளது. விசாகப்பட்டினம், மங்களூரு, உடுப்பி மாவட்டத்துப் பாதூர் ஆகிய மூன்று இடங்களில், முறையே 13.3 லட்சம், 15 லட்சம், 25 லட்சம் டன் கொள்ளும் குகைகள் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டுள்ளன. இவற்றுக்குள் எஃகுத் தகடோ வேறு உட்பூச்சோ கிடையாது. குகைக்கு மேலே துளையிட்டு நீரைச் செலுத்தி, பாறையின் விரிசல்களில் உள்ள நீரழுத்தம் எண்ணெயின் அழுத்தத்தைவிட எப்போதும் கூடுதலாக இருக்குமாறு பார்த்துக்கொள்வதால், எண்ணெய் வெளியே கசிய வழியில்லாமல் போகிறது. உள்ளே கசியும் நீர் எண்ணெய்க்கு அடியில் தங்கும்போது, அதை இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள். ஆகவே நிலத்தடி நீர்மட்டத்தையும் பாறையின் நிலையையும் ஆண்டு முழுவதும் அளந்துகொண்டிருப்பதே பராமரிப்பின் அடிப்படை. இது நிலவியலும் சுரங்கப் பொறியியலும் படித்தவர்களின் வேலை. குழாய்கள், பம்புகள், நீர் சுத்திகரிப்பு போன்றவை வேதிப் பொறியாளருக்கும் கருவியியல் பொறியாளருக்கும் உரியவை.

இருப்பை நிரப்புவது முற்றிலும் வேறு திறன் சார்ந்தது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் உலகச் சந்தை சரிந்தபோது, ஜனவரியில் 60 டாலராக இருந்த பீப்பாயைச் சராசரியாக 19 டாலருக்கு வாங்கி இந்தக் குகைகள் நிரப்பப்பட்டன. அதனால் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் மிச்சமானதாக அரசு தெரிவித்தது. அதற்கு முன்பே, 2018-இல், அபுதாபியின் அரசு எண்ணெய் நிறுவனமான அட்னாக் மங்களூருக் குகையின் ஒரு பகுதியில் தன் எண்ணெயைச் சேமிக்கத் தொடங்கியிருந்தது. நெருக்கடி நேர்ந்தால் அதன்மீது இந்தியாவுக்கு முதல் உரிமை உண்டு. எந்த விலையில் வாங்குவது, எந்த வகை எண்ணெய் நம் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பொருந்தும், எப்போது வெளியே விடுவது என்பவை பொருளியல், நிதி, பன்னாட்டு வணிகம் ஆகியவற்றில் தேர்ந்தவர்கள் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியவை. அமெரிக்கா 2022-இல் தன் இருப்பிலிருந்து 18 கோடி பீப்பாய் விற்பதாக அறிவித்துவிட்டு, அதைத் திரும்ப நிரப்புவதற்குப் பட்ட பாட்டைப் பார்த்தால், விற்பதைவிட நிரப்புவதே கடினம் என்பது விளங்கும். மகளுக்கு எண்களில் நாட்டம் மிகுதி என்றால், பொறியியலைத் தவிர்த்துப் பொருளியல் படித்தும் இதே துறைக்கு வர முடியும்.

இனி வேலைவாய்ப்பு. தங்களிடம் மறைக்காமல் சொல்வதானால், இருப்பைப் பராமரிக்கும் இந்த அரசு நிறுவனம் நூற்றுக்கணக்கில் புதியவர்களை எடுப்பதல்ல. இக்குகைகளின் திட்ட மேலாண்மையைச் செய்தது எஞ்சினியர்ஸ் இந்தியா. அதுவும், எண்ணெய்த் துறையின் பிற பொதுத்துறை நிறுவனங்களுமே நடைமுறையில் நுழைவாயில். அவற்றுள் பல, பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் (GATE) என்ற தேசிய அளவிலான தேர்வின் மதிப்பெண்ணை வைத்து ஆளெடுக்கின்றன. ஒடிசாவின் சண்டிகோலிலும் பாதூரிலும் மேலும் 65 லட்சம் டன் கொள்ளளவுக்கு 2021-இல் ஒப்புதல் தரப்பட்டது; ஆயினும் ஒரு திட்டத்தை மட்டும் நம்பிப் படிப்பைத் தேர்வு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாறையைப் படித்தவருக்கு மெட்ரோ சுரங்கப்பாதை, நீர்மின் நிலையம், சமையல் எரிவாயுச் சேமிப்புக் குகை எனப் பல கதவுகள் திறந்திருக்கும். மின்சார வாகனங்கள் பெருகினாலும் இவற்றின் தேவை குறையாது.

பெண்ணுக்குச் சுரங்கப் படிப்பா என்று உறவினர் கேட்பதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். நிலத்தடிச் சுரங்கங்களில் பெண்களைப் பணியமர்த்த 1952-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருந்தது உண்மை. ஆனால் 2019-இலேயே தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்கு அத்தடை தளர்த்தப்பட்டுவிட்டது. உறவினரின் தகவல் பழையது.

ஜேஇஇ தரவரிசை நன்றாக அமைந்தால் தன்பாத் ஐஐடியில் சுரங்கப் பொறியியலை முதல் விருப்பமாகக் குறிக்கலாம். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் கிண்டி பொறியியல் கல்லூரியின் சுரங்கப் பொறியியலுக்கு முதலிடமும், தரமான கல்லூரிகளின் வேதிப் பொறியியலுக்கு அடுத்த இடமும் கொடுங்கள். பெட்ரோலியப் பொறியியலில்தான் சேர்வேன் என்று மகள் தொடர்ந்து வற்புறுத்தினால் தடுக்க வேண்டாம். முதுநிலையில் பாறை இயக்கவியல் அல்லது எரிசக்திப் பொருளியல் பக்கம் திரும்ப அப்போதும் வழி இருக்கும். விருப்பப் பட்டியலைப் பதிவேற்றும் முன், அதன் வரைவை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள்.