இழுத்து மூடினால் சரியாகிவிடுமா?

கேள்வி: உலகமயமாக்கல் வந்த பிறகுதான் ஏழை மேலும் ஏழையானான், பணக்காரன் மேலும் பணக்காரனானான். தடையற்ற சந்தையை இழுத்து மூடினாலே ஏற்றத்தாழ்வு பாதி குறைந்துவிடும் என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: இல்லை. உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அதைத் தப்பான இடத்தில் காட்டுகிறீர்கள்.

"ஏழை மேலும் ஏழையானான்" என்பதையே முதலில் எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 1.90 டாலர் என்று உலக வங்கி வைத்திருந்த அளவுகோலின்படி, 1990ல் சுமார் 190 கோடிப் பேர் கடும் வறுமையில் இருந்தார்கள். 2015ல் அது ஏறக்குறைய 74 கோடி, அதுவும் உலக மக்கள்தொகை இடையில் 200 கோடி கூடிய பிறகு. சீனாவில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் சுமார் 80 கோடிப் பேர் அந்த வறுமைக் கோட்டைத் தாண்டினார்கள். ஏற்றுமதிச் சந்தை இல்லாமல் இது நடந்திருக்காது. அதற்காக எல்லாம் சந்தையின் புண்ணியம் என்று சொல்பவர்களோடும் நான் சேர மாட்டேன். 1978க்குப் பிறகு சீனா கதவைத் திறந்தது உண்மை, ஆனால் வங்கிகளையும் நாணய மதிப்பையும் அரசு தன் பிடியிலேயே வைத்துக்கொண்டு, எதை எப்போது திறப்பது என்று பார்த்துப் பார்த்துத்தான் திறந்தது.

சரி, பணக்காரன் மேலும் பணக்காரனானான் என்கிறீர்களே, அதை மறுக்க மாட்டேன். நாடுகளுக்கு இடையே இருந்த இடைவெளி குறைந்த அதே காலத்தில் பல நாடுகளுக்கு உள்ளே அது கூடியிருக்கிறது. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததும் அமெரிக்காவில் மரச்சாமான், துணி ஆலைகளை நம்பி வாழ்ந்த ஊர்கள் பல சரிந்தன. வேலை போனவர்கள் வேறு ஊருக்குப் போய் வேறு வேலை தேடிக்கொள்வார்கள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹான்சன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அந்த வட்டாரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்த்தபோது, பெரும்பாலோர் இடம்பெயரவே இல்லை, பத்து ஆண்டுகள் கழித்தும் அங்கே கூலி தேறவில்லை. வீடு, வயதான பெற்றோர், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாம் ஓர் ஊரில் வேரூன்றிய மனிதர் பணத்தைப் போல ஒரே இரவில் எல்லை தாண்ட முடியுமா?

வர்த்தகத்தில் ஜெயித்தவரின் லாபம் தோற்றவரின் நஷ்டத்தைவிடப் பெரிது, ஆகவே ஈடு கொடுத்துவிடலாம் என்றுதான் பொருளாதாரம் சொன்னது. கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு உதவ அமெரிக்கா 1962லேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாதிப்புக்கு முன்னால் அது எப்போதும் சிறியதாகவே இருந்தது. 2022ல் காலாவதியானபோது நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்கவும் இல்லை.

டென்மார்க்கைப் பாருங்கள். நாட்டு வருமானத்தோடு ஒப்பிட்டால் அதன் ஏற்றுமதி இறக்குமதி அமெரிக்காவைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதாவது உங்கள் கணக்குப்படி அங்கேதான் ஏற்றத்தாழ்வு தலைவிரித்தாட வேண்டும். ஆனால் உலகிலேயே அது குறைவாக உள்ள நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று. அங்கே முதலாளி ஆளைக் குறைப்பது எளிது, ஆனால் வேலை போனவருக்கு உதவித்தொகை உண்டு, புதுத்தொழில் பயிற்சி உண்டு, கூலியைப் பேசி முடிக்க வலுவான சங்கம் உண்டு. அதற்கான வரியையும் வாங்குகிறார்கள்.

அந்த வரியைத்தான் மற்ற இடங்களில் கோட்டை விடுகிறார்கள். ஆப்பிள் நிறுவனம் அயர்லாந்துக்குக் கட்டாத வரி என்று 1,300 கோடி யூரோவை வசூலிக்கும்படி ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2016ல் உத்தரவிட்டது. வரி வாங்க வேண்டிய அயர்லாந்து அரசே அதை எதிர்த்து வழக்காடியது! நிறுவனங்கள் வேறு நாட்டுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் அரசாங்கங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு சலுகை கொடுக்கின்றன. கடைசியில் 2024ல்தான் அந்த ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் கட்டியே ஆக வேண்டும் என்று முடித்துவைத்தது.

அப்புறம், இழுத்து மூடினால் முதலில் அடிபடுவது யார் என்று யோசித்தீர்களா? ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் ஏழைத் தொழிலாளர்கள்தான். வங்கதேசத்தில் டாக்காவை ஒட்டிய சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. மேல்மாடிகள் அனுமதியில்லாமல் கட்டியவை. 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் பெரிய விரிசல்கள் தெரிந்தன. கீழே இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள், வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்ற மிரட்டலோடு. ஒன்பது மணிக்குச் சற்று முன்பு மின்சாரம் போனது, மாடியில் ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தன, கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இறந்தவர்கள் 1,134 பேர். வங்கி ஊழியருக்கு அன்று வீட்டில் இருக்க முடிந்தது, தையல் மிஷின் முன்னால் இருந்த பெண்ணுக்கு முடியவில்லை. இதற்கு மேல் ஏற்றத்தாழ்வை நான் எப்படி விளக்குவது?

அடுத்த மாதமே தொழிற்சங்கங்கள் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களை ஓர் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தன. வெறும் வாக்குறுதி இல்லை, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையெழுத்திட்டன, 1,600 தொழிற்சாலைகள்வரை பொறியாளர்கள் சோதனைக்குப் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் குறைந்தபட்சக் கூலி மாதம் 3,000 டாக்காவிலிருந்து (அந்நாட்டு நாணயத்தின் பெயரும் டாக்காதான்) 5,300 ஆனது. அதுவும் போதாத கூலிதான், தெருவில் இறங்கிப் போராடித்தான் வந்தது. ஆனாலும் எங்கள் நாட்டுச் சட்டையை வாங்காதீர்கள் என்று அந்தச் சங்கங்கள் கேட்கவில்லை. தொடர்ந்து வாங்குங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்குங்கள் என்றுதான் கேட்டார்கள்.